பெட்டிக்குள் ஒரு பெட்டி!
ஜிப்சி கிதாரின் குரல் எங்கிருந்து வருகிறது?

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவை இருக்கும். அதை ரப்பர் கட்டையின்மேல் தட்டி, காம்பைப் பிடித்துக் காற்றில் நிறுத்துங்கள். ஒலி கேட்கிறதா? காதருகே கொண்டுவந்தால்தான் கேட்கும். ஆனால் நெடுநேரம் கேட்கும். மறுபடியும் அதே அளவு தட்டி, இம்முறை காம்பின் அடியை மேசைமீது ஊன்றுங்கள். இப்போது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கிறது! ஆனால் ஒரு கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், ஒலி முன்னைவிடச் சீக்கிரமாக ஓய்ந்துவிடுவது தெரியும்.

மேசை எந்த ஆற்றலையும் புதிதாகக் கொடுக்கவில்லை. இசைக்கவையிடம் இருந்தது நீங்கள் தட்டியபோது கொடுத்த ஆற்றல் மட்டும்தான். மெல்லிய கவைக்குக் காற்றைத் தள்ளும் பரப்பு கிடையாது. எனவே அது தன் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் செலவழித்தது. அகன்ற மேசைப் பலகை அதிர்ந்ததும் அதே ஆற்றல் மளமளவென்று காற்றில் இறங்கிவிட்டது. பலத்த ஒலி, குறைந்த நேரம். மெல்லிய ஒலி, நிறைந்த நேரம். இரண்டில் எது வேண்டும்?

கிதார் செய்யும் தச்சர் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். கிதாரின் தந்தி இசைக்கவையைப் போல ஒல்லியானது. தனியே அதனால் காற்றை அசைக்க முடியாது. தந்தியின் அதிர்வு 'குதிரை' என்னும் சிறு மரத்துண்டின் வழியே மேற்பலகைக்கு இறங்கி, அந்தப் பலகைதான் காற்றை அசைக்கிறது. ஆகவே கிதாரின் குரல் தந்தியில் பிறந்தாலும், அது எப்படிப்பட்ட குரல் என்பதைத் தீர்மானிப்பது பலகையும், பலகையின் அடியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சட்டங்களும், பெட்டிக்குள் அடைபட்ட காற்றும்தான். இதற்கு அருமையான எடுத்துக்காட்டு ஒன்று பிரான்சு நாட்டில் இருக்கிறது. அதன் கதையைப் பார்ப்போமா?

சாக்ஸபோன் கடையில் பிறந்த கிதார்

1930-களின் தொடக்கத்தில் கிதார் வாசிப்பவர்களுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. நடன அரங்குகளிலும் உணவு விடுதிகளிலும் அவர்கள் வாசித்தார்கள். பக்கத்தில் அக்கார்டியன் முழங்கும், சாக்ஸபோன் அலறும், இதற்கு நடுவே மக்கள் பேசிச் சிரித்துக்கொண்டு ஆடுவார்கள். கிதாரின் ஒலி எங்கே கேட்கும்? மின் கிதார் அப்போதுதான் அமெரிக்காவில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. ஐரோப்பியக் கலைஞருக்கு அவர் கையில் இருந்த மரப்பெட்டிதான் கதி.

மாரியோ மக்காஃபெரி என்பவர் 1900-ஆம் ஆண்டில் இத்தாலியின் சென்டோ நகரில் பிறந்தவர். லூயிஜி மொட்ஸானி என்ற இசைக்கருவிக் கைவினைஞரிடம் சிறுவயதிலேயே தொழில் கற்றார்; மேடையேறி வாசிக்கும் கிதார்க் கலைஞராகவும் வளர்ந்தார். கருவி செய்பவரே வாசிப்பவராகவும் இருந்தால் எது குறை என்று அவருக்குத் தெரியும் அல்லவா? தம் புதிய கிதார் அமைப்பை அவர் பாரிசிலிருந்த செல்மர் நிறுவனத்திடம் கொண்டுசென்றார். அந்த நிறுவனம் கிளாரினெட்டுக்கும் சாக்ஸபோனுக்கும் பெயர் பெற்றது. கிதாரை மூழ்கடித்த கருவியைச் செய்தவர்களே கிதாரையும் கைதூக்கிவிட முன்வந்தார்கள் என்பது வேடிக்கைதான்! 1932-இல் செல்மர் கிதார்கள் வெளிவரத் தொடங்கின.

அந்தக் கிதாரைப் பார்த்தவர்கள் முதலில் கவனித்தது அதன் வாயை. வட்டமான துளைக்குப் பதிலாக, ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் ஒரு பெரிய வாய். அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு வியப்பு: உள்ளே மரத்தால் செய்த இன்னொரு சிறு ஒலிப்பெட்டி! அதை இடங்கொள்ளச் செய்வதற்காகத்தான் வாயையே அவ்வளவு பெரிதாக அமைத்திருந்தார் மக்காஃபெரி. பெட்டிக்குள் ஒரு பெட்டி இருந்தால் அங்கே அடைபட்ட காற்றும் சேர்ந்து அதிரும், ஒலி ஓங்கும் என்பது அவர் எண்ணம்.

இந்தக் கிதாரை உலகறியச் செய்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1910-இல் பெல்ஜியத்தின் லிபெர்ஷி என்ற ஊரில், ஊர் ஊராக வண்டிகளில் செல்லும் மானூஷ் இனக் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் இவர்களை 'ஜிப்சி' என்று அழைத்தார்கள். அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மானூஷ்'. இந்தச் சொல் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? இவர்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள். நாம் பேச்சில் வழங்கும் 'மனுஷன்' என்ற சொல்லும் அவர்களுடைய 'மானூஷ்' என்ற சொல்லும் ஒரே வடமொழி வேரிலிருந்து கிளைத்தவை, பொருளும் ஒன்றே.

1928-இல் ஜாங்கோவின் வண்டிவீடு தீப்பிடித்தது. அவருடைய இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கி முடங்கிவிட்டன. எஞ்சிய இரண்டு விரல்களை முக்கியமாகக் கொண்டு அவர் புதிதாக வாசிக்கப் பழகினார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியுடன் சேர்ந்து பாரிசில் ஐவர் குழு ஒன்றை அமைத்தார். அதில் ஒரு வயலின், மூன்று கிதார்கள், ஒரு பெரிய டபுள் பாஸ். முரசு இல்லை, ஊதுகருவி ஒன்றுகூட இல்லை. தாளமும் கிதாரிலிருந்தே வரவேண்டும், பாட்டும் கிதாரிலிருந்தே வரவேண்டும். ஒலி போதாத கிதாரை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது.

கழற்றி எறிந்தார்கள்!

இனித்தான் கதையில் திருப்பம். மக்காஃபெரிக்கும் செல்மர் நிறுவனத்துக்கும் ஒத்துவரவில்லை. 1933-இல் அவர் விலகிவிட்டார். வாசித்தவர்களோ உள்பெட்டியைப் பற்றிக் குறை சொல்லத் தொடங்கினார்கள். பெட்டியின் பிணைப்புகள் நாளடைவில் தளர்ந்துவிடும். தளர்ந்த மரம் என்ன செய்யும்? சில சுரங்களை வாசிக்கும்போது கடகடவென்று ஆடும். பொறுமையிழந்த பலர் உள்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் செல்மர் நிறுவனமும் அதைக் கைவிட்டு, சிறிய நீள்வட்ட வாயுடைய கிதார்களைச் செய்யத் தொடங்கியது.

கண்டுபிடித்தவர் பெருமையாக எண்ணிய உறுப்பு போய்விட்டது. அந்தக் குரல் போய்விட்டதா? இல்லை! கூர்மையான, கணீரென்ற அதே குரல், உள்பெட்டி இல்லாத கிதாரிலும் இருந்தது. அப்படியானால் அது வேறெங்கிருந்தோ வருகிறது என்பது தெளிவு.

உள்பெட்டியிடம் ஏன் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பதை நீங்களே ஊகிக்கலாம். அடைபட்ட காற்றுக்கு அதற்கே உரிய அதிர்வெண் உண்டு. அந்த அதிர்வெண்ணை ஒட்டிய சுரம் வந்தால் காற்று ஒத்ததிர்வு கொண்டு ஓங்கி ஒலிக்கும். மற்றச் சுரங்களுக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. ஒரு சில சுரங்களை மட்டும் தூக்கிவிடும் கருவி நல்ல கருவியாகுமா? ஆகாது. எல்லாச் சுரங்களுக்கும் உதவுவதற்கு வேறு வழி வேண்டும்.

அந்த வழியும் மக்காஃபெரியின் அமைப்பிலேயே இருந்தது. ஆனால் யார் கண்ணுக்கும் அது பெரிதாகப் படவில்லை.

தந்தியை எங்கே கட்டுவது?

சாதாரணக் கிதாரில் தந்திகளின் முனை குதிரையிலேயே கட்டப்பட்டிருக்கும். குதிரை பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். ஆறு தந்திகளும் குதிரையைப் பிடித்து முன்பக்கமாக இழுக்கின்றன. அதனால் குதிரையின் முன்விளிம்பு பலகையை அமுக்குகிறது, பின்விளிம்பு பலகையைப் பிய்த்துத் தூக்கப் பார்க்கிறது. இந்தத் திருகலைத் தாங்குவதற்காகப் பலகையையும் அடிச்சட்டங்களையும் கெட்டியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

செல்மர் கிதாரில் அப்படி இல்லை. உங்கள் ஊர்க் கச்சேரியில் வயலினைப் பார்த்திருப்பீர்களே, அதைப் போலத்தான் இதுவும். தந்திகள் குதிரையின்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, பெட்டியின் அடிமுனையில் பொருத்திய உலோக வால்துண்டில் போய் மாட்டிக்கொள்கின்றன. குதிரையை ஒட்டுவதே இல்லை. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இருபுறமும் மீசை போன்ற இரண்டு துண்டுகள் மட்டும் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும். குதிரை நிற்கவேண்டிய இடத்தை அவை காட்டும்.

விசை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு தந்திகளின் மொத்த இழுவிசை 60 கிலோகிராம் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரையைத் தாண்டியதும் தந்திகள் 10 பாகை கீழ்நோக்கி வளைவதாகக் கொள்வோம். சைன் 10 பாகை ஏறத்தாழ 0.17. ஆகவே கீழ்நோக்கிய அழுத்தம் 60 × 0.17, அதாவது சுமார் 10 கிலோகிராம் எடை. திருகல் பெரும்பாலும் ஒழிந்தது. நேராகக் கீழே அமுக்கும் விசைதான் மிச்சம்.

அந்த விசையைத் தாங்க ஒரு தந்திரம் செய்தார் மக்காஃபெரி. ஓர் அஞ்சலட்டையின் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையில் ஓர் அழிரப்பரை வையுங்கள். அட்டை தொங்கிவிடும். அட்டையைச் சற்றே குழிவாக வளைத்துப் பிடித்தால் அதே அழிரப்பரை எளிதில் தாங்கும். எடை கூடவில்லை, விறைப்பு மட்டும் கூடியது. மக்காஃபெரி மேற்பலகைக்கு இலேசான வளைவு கொடுத்தார். அதோடு குதிரைக்குச் சற்றுப் பின்னால், சூடேற்றி, பலகையை ஒரு மடிப்பாகக் கீழ்நோக்கி வளைத்தார். இது அவர் புதிதாகக் கண்டதன்று. நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலின்களில் பழங்காலந்தொட்டு இருந்த முறை. இந்த மடிப்பினால்தான் சுமார் 2 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள ஸ்புரூஸ் மரப் பலகை அவ்வளவு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டது.

இலேசான எடை, மிகுந்த விறைப்பு! இவை இரண்டும் சேர்ந்தால் என்னவாகும்? வில்சுருளில் தொங்கும் எடையைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள். சுருள் விறைப்பாகவும் எடை குறைவாகவும் இருந்தால் அதிர்வெண் உயரும். பலகைக்கும் அதே விதிதான். அது மெதுவாக, பெரிதாக அசைய மறுக்கும். விரைவாக அசையத் தயாராக இருக்கும். குதிரையின் அடிப்பக்கத்தையும் குடைந்து எடை குறைத்திருப்பார்கள். தந்தியின் துடிப்புக்கு அது உடனே துள்ள வேண்டுமல்லவா?

பலகைக்கு அடியில் ஓர் ஏணி

இப்போது கிதாரைக் கவிழ்த்து, பின்பலகையைக் கழற்றிவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேற்பலகையின் அடியில் சட்டங்கள் ஒட்டியிருக்கும். எல்லாக் கிதாரிலும் சட்டங்கள் உண்டு. ஆனால் அவை ஓடும் திசை ஒன்றல்ல. ஸ்பானியக் கிதாரில் விசிறி மடிப்புகளைப் போல விரிந்திருக்கும். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டில் கையாளத் தொடங்கிய முறையில் இரண்டு பெரிய சட்டங்கள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டும். செல்மர் கிதாரிலோ அவை ஏணிப் படிகளைப் போல, ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே கிடக்கும்.

இதன் விளைவு என்ன? ஸ்புரூஸ் பலகை, நார் ஓடும் திசையில் மிக விறைப்பானது. நாருக்குக் குறுக்கே அது பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் விறைப்புடையது. குறுக்குச் சட்டங்கள் அந்தப் பலவீனத்தை ஈடுசெய்கின்றன. அதே சமயம் பலகையைப் பகுதி பகுதியாகவும் பிரித்துவிடுகின்றன. பலகை முழுவதும் ஒன்றாக, ஒரு பெரிய முரசுத் தோலைப் போல, மெதுவாக மேலும் கீழும் போய்வருவது குறைகிறது. அதனால் தாழ்ந்த சுரங்களின் முழக்கம் குறைந்துவிடும். நடுத்தர, உயர் அதிர்வெண்கள் மேலோங்கும்.

நம் காதின் இயல்பும் இதற்குத் துணைசெய்கிறது. எல்லா அதிர்வெண்களையும் காது ஒரேமாதிரி மதிப்பதில்லை. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளுக்கு அது மிகக் கூர்மையானது. 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மந்தமானது. ஒரே அளவு ஆற்றலைத் தாழ்ந்த சுரத்தில் செலவிட்டால் காது சரியாகப் பாராட்டாது; மேற்சுரங்களில் செலவிட்டால் 'அடேயப்பா, என்ன சத்தம்!' என்னும். செல்மர் கிதார் தன் கைப்பொருளை எங்கே செலவிட்டால் பேர் கிடைக்குமோ அங்கே செலவிட்டது.

ஆனால் கைப்பொருள் சீக்கிரம் தீர்ந்துவிடுமே! ஆம். இசைக்கவையை மேசைமீது ஊன்றியதுபோலத்தான். இந்தக் கிதாரின் சுரம் பளீரென்று எழும், சட்டென்று மறையும். தனியாக உட்கார்ந்து மெல்ல மெல்ல இழைத்து வாசிக்க விரும்புபவருக்கு இது பெரிய குறை. அப்படிப்பட்டவர் ஸ்பானியக் கிதாரை நாடுவதே நல்லது. ஆனால் முரசில்லாத ஐவர் குழுவுக்கு? இரண்டு கிதார்கள் முரசுக்குப் பதிலாகத் தாளம் கொட்டவேண்டும். ஒவ்வொரு தட்டும் அடுத்த தட்டுக்கு முன் அடங்கினால்தான் தாளம் தெளிவாகக் கேட்கும். நீண்டு ஒலிக்கும் கிதாராக இருந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போகும். இங்கே குறையே குணமாகிவிட்டது.

வாயும் மரமும்

நீள்வட்ட வாயின் பங்கு என்ன என்று கேட்கிறீர்களா? ஒரு காலி பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதுங்கள். 'பூம்' என்று ஒரு சுரம் கேட்கும். விரலால் வாயைப் பாதி மறைத்துக்கொண்டு ஊதினால் அந்தச் சுரம் தாழ்ந்துவிடும். வாய் குறுகினால் உள்ளிருக்கும் காற்றின் அதிர்வெண் குறைகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்த ஒத்ததிர்வு இது. சாதாரணக் கிதாரில் இந்தக் காற்றதிர்வு ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். பெரிய 'டி' வாய் அதை உயர்த்தும், சிறிய நீள்வட்ட வாய் தாழ்த்தும்.

'டி' வாய்க் கிதாரின் ஒலி விரிந்து பரவுகிறது, நீள்வட்ட வாய்க் கிதாரின் ஒலி குவிந்து பாய்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அதற்கு வாய் மட்டுமே காரணம் என்று நாம் முடிவு கட்டலாமா? கூடாது! புதிய வகையில் தந்தியின் நீளமும் 670 மில்லிமீட்டராக இருந்தது. சுரமானியில் நீங்கள் கண்ட விதியின்படி, ஒரே தந்தியில் ஒரே சுரம் வேண்டுமானால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடவேண்டும். சாதாரண ஸ்பானியக் கிதாரின் 650 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால், 670-ஐ 650-ஆல் வகுத்து வர்க்கம் காணுங்கள்: 1.06 வரும். இழுவிசை 6 விழுக்காடு கூடுதல்! வாய் மாறியது, உள்பெட்டி போயிற்று, நீளமும் மாறியது. மூன்றை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றை மட்டும் காரணமாகச் சொன்னால் உங்கள் இயற்பியல் ஆசிரியர் ஒப்புக்கொள்வாரா?

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனை ஒன்றும் உண்டு. கிதாரின் பின்பலகைக்கு விலையுயர்ந்த மரத்தைப் போட்டால்தான் நல்ல குரல் வரும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஒரே அமைப்பில் ஆறு கிதார்கள் செய்யப்பட்டன. பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம். 52 கிதார் கலைஞர்கள் மங்கிய ஒளியில், எந்த மரம் என்று தெரியாதபடி, வெல்டிங் செய்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்கள். அவர்கள் கொடுத்த மதிப்பெண்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை! அவை சாதாரண எஃகுத் தந்திக் கிதார்கள், செல்மர் அல்ல. இருந்தாலும் எனக்கு மக்காஃபெரியின் நினைவுதான் வந்தது. தம் கிதார்களின் பின்பலகையை அவர் ஒரே மரத்தில் செய்யவில்லை; மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிய பலகையால் செய்தார். ஒட்டுப்பலகை என்றால் மட்டம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

செல்மர் நிறுவனம் 1952-இல் கிதார் செய்வதை நிறுத்திவிட்டது. அதுவரை செய்தவை ஆயிரத்தைத் தொடவில்லை. அடுத்த ஆண்டு, 1953 மே மாதத்தில், ஜாங்கோ காலமானார். அமெரிக்காவில் குடியேறிவிட்ட மக்காஃபெரி, பிளாஸ்டிக்கில் துணி மாட்டும் கிளிப்புகளும் உகுலேலி என்னும் சிறு கிதார்களும் செய்து பணம் சம்பாதித்தார். 1993 வரை வாழ்ந்தார்.

ஜாங்கோ வாசித்த, 503 என்று எண்ணிட்ட செல்மர் கிதார் பாரிசின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீள்வட்ட வாய், ஒட்டாத குதிரை, இருபுறமும் அந்த மீசை. வாய்க்குள் பார்வை நுழையுமானால் அங்கே உள்பெட்டி எதுவும் கிடையாது. ஒட்டுப்பலகைப் பின்புறமும், அண்ணாந்து பார்த்தால் குறுக்கே கிடக்கும் ஏணிப் படிகளும்தான்.